துரைக்குக் காட்ட ஒரு புழு

நோர்வூட் பக்கம் கோவா போடுகிற யாரிடமாவது போய், மருந்து அடிக்காமல் புழுவை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வழி சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்களும் என் முறையைத்தான் செய்கிறார்கள். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து நானே உறுதி செய்திருக்கிறேன்.

கோவாவை இந்தியாவில் முட்டைக்கோஸ் என்கிறார்களாம். அதில் முட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. பூச்சி இடுகிற முட்டையைச் சொல்கிறார்கள் என்றால் சரிதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரை பார்த்தவன். மூன்றாம் வகுப்பு என்னை அதிகம் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்து, தோட்டத்துக்காக மருந்து டாங்கியை முதுகில் சுமந்து, பிறகு குத்தகைக் காணியில் கிழங்கும் கோவாவும் போட்டு, இன்றைக்கு ரோட்டோரத்தில் சொந்தக் கல்வீடு. வீட்டுக்குள்ளேயே இரண்டு குழாய். அதில் ஒன்றில் தண்ணீரும் வரும். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மற்றவன் சொல்லட்டும் என்று காத்திருந்தால் என் கருமாதிக்குத்தான் சொல்லுவான். அப்போது எனக்குக் காது கேட்காது.

மருந்தை நான் விட்டதற்கு ஞானம் ஒன்றும் காரணமில்லை. கோவாப் புழுதான் காரணம். கடைக்குப் புதுப் போத்தல் வந்தால் ஒரு போகத்துக்குச் சாகும். அடுத்த போகத்தில் அதே மருந்தைப் பாலில்லாத பிளேன்டி மாதிரிக் குடித்துவிட்டு அடுத்த இலைக்கு நடக்கும். சாகாத புழுவுக்கு ஆயுசு முழுக்க வாங்கி ஊற்றிக்கொண்டிருக்க அது என்ன என் மாமனாரா?

அந்தச் சமயத்தில் நுவரெலியாவில் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்காகத்தான் நான் போனேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தது. அங்கேதான் கடுகு விஷயம் காதில் விழுந்தது. கோவாப் பாத்திகளுக்கு இடையே வரிசையாகக் கடுகு விதைத்தால், அந்தச் சாம்பல் நிறக் குட்டி அந்துப்பூச்சி கோவாவை விட்டுவிட்டுக் கடுகில் போய் முட்டை இடும். கடுகிலையின் காரம் அதற்கு அவ்வளவு பிடிக்கும். கடுகைப் புழு தின்னட்டும், கோவாவை மனுசன் தின்னட்டும் என்பது ஏற்பாடு. வகுப்பெடுத்த ஐயா சுவரில் படம் காட்டினார். நான் காணியில் செய்து காட்டினேன். முக்கால்வாசிக் கோவா தப்பியது. முக்கால்வாசியை வெளியில் முழுசு என்று சொன்னேன். விவசாயத்தில் அது சகஜம்.

அந்தப் பேச்சு கேட்டுத்தான் ஒரு நாள் காலையில் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தாள். நான் பிறந்த தோட்டத்துக்காரி. ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்து, பென்சன் வாங்கி, இப்போது லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவள். தோட்டத்தில் அவள் தொண்டைக்குப் பயந்து கங்காணிமார் வேறு மலைக்கு மாற்றல் கேட்டதாகப் பேச்சு உண்டு.

"அண்ணே, ஒங்க வாய்க்கு ஒரு வேல வந்திருக்கு" என்றாள் வாசலிலேயே நின்று.

"அவரு வாய்க்கு எப்பவும் வேல இருக்கு தங்கச்சி. கைக்குத்தான் இல்ல" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

விஷயம் இதுதான். அந்தத் தோட்டத்தில், மேல் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையோரமாக ஒரு சரிவு. தேயிலைக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ கைவிட்ட இடம். ஐந்து பெண்களும் ஓர் ஆணும் அதைக் கொத்தி ஆளுக்கொரு துண்டாகக் கோவா போட்டு வந்தார்கள். அதே ஓடைதான் கீழே இறங்கிக் கீழ் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் விழுகிறது. கீழ் லயத்துச் சனம் குடிப்பதும் குளிப்பதும் அந்தப் பீலியில். மேலே மருந்து அடித்த அன்றைக்குக் கீழே தண்ணீர் நுரைத்து நாறியிருக்கிறது. பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள். பல தடவை தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் சொல்லிப் பார்த்தும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு வாலிபன் நுரையைப் போனில் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டான். அது கொழும்பு வரைக்கும் போய், அங்கிருந்து துரைக்கு ஒரு போன் வந்தது. லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் குறுக்கு வழி கொழும்பு வழியாகத்தான் போகிறது.

மறுநாளே பெரிய துரை சரிவில் வந்து நின்று சட்டம் போட்டுவிட்டார். இனி ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும் காணி போச்சு. மருந்து அடிக்காமல் புழு தின்று பாத்தி நாசமாகக் கிடந்தாலும், அது வீண் காணி என்று ஆகிவிடும், அப்போதும் போச்சு. தேயிலை காய வைக்கிற தோட்டத்து ஸ்டோருக்கு விறகு வேண்டும், அங்கே விறகு மரம் நடப்போகிறாராம். இந்த ஒரு போகம் மட்டும் தவணை.

"லயம் தோட்டத்தோடது. பீலி தோட்டத்தோடது. நான் செத்தா பொதைக்கிற குழி கூட தோட்டத்தோடது" என்றாள் அந்த அம்மா. "இந்தத் துண்டு மட்டுந்தான் நான் கல்லுப் பொறுக்கி மண்ணாக்குன எடம். அதுல வெறகு மரத்த நட்டாருன்னா, மொத மரத்துல என்னையும் சேத்துக் கட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் கண்ணீர் விடவில்லை. விட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் திட்டினாள். திட்டுகிறவர்களுக்கு உதவி செய்யத்தான் எனக்குப் பிடிக்கும். அவர்களுக்குப் பிறகு நன்றி சொல்லத் தெரியாது, தொல்லை இல்லை.

"கவலப்படாத. புழு என் பேரக் கேட்டாலே ஓடும்" என்றேன்.

"பேரக் கேட்டு ஓடுதோ, பேச்சக் கேட்டு ஓடுதோ, ஓடுனாச் சரி" என்றாள்.

நோர்வூட் பசாரில், நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் போனேன். விதையும் உரமும் மருந்தும் விற்கிற கடை. எங்கள் நட்பு பழையது. நான் மருந்து வாங்குவதை நிறுத்தியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு பை நிறையக் கடுகு கேட்டதும் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா பெரியவரே, ஒரு தோட்டம் முழுக்கத் தாளிக்கப் போறீங்களா?"

"புழுவுக்கு விருந்து, நானா."

"விருந்தா? போன மாசம் நம்ம வீட்டுக் கலியாணத்துக்கு வந்து நீங்க சாப்பிட்டத விடவா அது சாப்பிடும்?"

கடுகைக் கட்டிக்கொண்டே, "இது சரிவரலேன்னா மருந்து இருக்கு, மறந்துராதீங்க" என்றார். நல்ல வியாபாரி. என் கருமாதிக்கும் ஏதாவது விற்பார்.

கோவா நாற்று வைப்பதற்கு முன்பே கடுகை விதைக்க வைத்தேன். மற்ற ஐந்து துண்டுகளுக்கும் பக்கத்தில் கடைசித் துண்டை வைத்திருந்தவர் அந்த ஓர் ஆண். எனக்கு மச்சான் முறை. தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டு ஓய்வு பெற்றவர். சங்குக்கு எழுந்து சங்குக்குச் சாப்பிட்டு சங்குக்குத் தூங்கிய மனிதர். சொன்ன சொல் மாறமாட்டார், மாற்றவும் விடமாட்டார். நான் கடுகு வரிசைக்குக் கயிறு பிடிக்கச் சொன்னால், கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.

விதைத்து முடித்ததும் பெண்கள் ஒரு கல்லைத் தேடி எடுத்து வரிசைத் தலைப்பில் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். தோட்டத்தில் எந்த வேலை தொடங்கினாலும் அதற்கொரு சாமி உண்டு. கொழுந்து எடுக்கக் கொழுந்துச் சாமி. தேயிலைச் செடியை வெட்டிவிடக் கவ்வாத்துச் சாமி. ஸ்டோர் இயந்திரத்துக்கு ரோதைமுனி. வெள்ளைக்காரன் புதுப்புது வேலை கொண்டு வரக் கொண்டு வர எங்கள் ஆட்களும் சளைக்காமல் புதுப்புதுச் சாமி கொண்டு வந்தார்கள்.

"இது என்ன சாமி?" என்றேன்.

"கடுகுச் சாமி" என்றாள் ஒருத்தி.

"அதுக்கு என்ன படைக்கணும்?"

"நீங்க வாய மூடுனாப் போதும், அதுவே பெரிய படையல்" என்றாள் அந்த அம்மா. கும்பிட்டோம். நானும்தான் கும்பிட்டேன். சாமி இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது; இருந்துவிட்டால் கோவா நாசம்.

பிறகு எல்லோரையும் நிறுத்தி, பெரட்டுக்களத்தில் கங்காணி வேலை பிரிக்கிற மாதிரி உத்தரவு போட்டேன். "இந்தக் கடுகு பூச்சியோட சொத்து. யாரும் தொடக்கூடாது. கறிக்குப் பறிக்கக்கூடாது. புழு தின்னு ஓட்டையாப் போனாலும் பரிதாபப்படக்கூடாது. கடுகு ஓட்டையாகணும், அதான் கணக்கு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு" என்றார் மச்சான், மற்றவர்களுக்கு முன்னால்.

கடுகு நன்றாக எழும்பியது. கோவாவும் வேர் பிடித்தது. அந்தச் சமயத்தில் உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குப் பிரசவம். போனேன். பேரன் பிறந்தான், அப்படியே என் முகம் என்றார்கள். அங்கேயும் நாலு பேருக்கு லீக்ஸ் பாத்தியில் புத்தி சொல்ல வேண்டியிருந்ததால் திரும்புவதற்கு நாள் பிடித்தது. ஒரு காலையில் போன் அடித்தது. மச்சான்.

"மச்சான், போச்சு. எல்லாத்தையும் கிள்ளிட்டாளுக."

"என்னத்தக் கிள்ளிட்டாளுக?"

"கடுக! நீங்க தொடக்கூடாதுன்னு சொன்ன கடுக. அஞ்சு பேரும். என் துண்டுல மட்டுந்தான் கடுகு கடுகா நிக்கிது. நான் தொடல."

அன்றைக்கே பஸ் ஏறினேன். நேராகச் சரிவுக்குப் போனேன். பெண்களின் ஐந்து துண்டுகளிலும் கடுகு வரிசைகள் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு விரல் கூட இல்லை. மேலே கத்திரித்த மாதிரி மட்டம். தேயிலைச் செடியின் தலை எப்படி இருக்குமோ அப்படி. ஒருத்தி அப்போதுதான் ஒரு கம்பை வரிசையின் மேல் படுக்க வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துளிரை இரண்டு கையாலும் கிள்ளி, இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பு எனக்குத் தெரியும். மட்டக்கம்பு. கொழுந்தெடுக்கிறவர்கள் செடியின் மட்டம் பார்க்க வைத்திருப்பது. மலையில் வைக்க வேண்டியதைக் கடுகில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுற?" என்று கத்தினேன்.

"மட்டம் பாக்குறேன்" என்றாள் சாதாரணமாக.

அந்த அம்மா கூந்தலை முடிந்துகொண்டே வந்தாள். "வந்துட்டீங்களா? பேரன் எப்பிடி?"

"பேரன் கெடக்குறான்! கடுகத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பின்ன?"

"அண்ணே, மொளகா மாதிரி எரியாதீங்க. கடுகு நெறைநெறையா, வரிசையா நிக்கிது. தண்டு விட்டுப் பூக்கப் பாக்குது. அதுக்குப் பக்கத்துல தெனம் நடந்து போறோம். முப்பது நாப்பது வருசமா கண்ணுல துளிர் பட்டாக் கை தன்னால போகும். நாம நிறுத்தச் சொன்னா நிக்குமா?"

"கை தன்னால போகுமா?"

"போகும்! எந்தத் துளிராச்சும் மட்டத்துக்கு மேல போச்சுன்னா எனக்குக் கங்காணி பின்னால நின்னு கத்துற மாதிரியே காதுல கேக்குது. அந்தாளு செத்தே பல வருசம் ஆச்சு. இன்னும் கத்துறாரு."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கிள்ளுனத என்ன செஞ்சீங்க? கடைஞ்சு சாப்பிட்டீங்களா?"

"புழு நெளியிறதயா சாப்பிடுறது? கோழிக்குப் போட்டோம்."

மச்சான் தன் துண்டில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கடுகு இடுப்பளவு உயர்ந்து மஞ்சளாகப் பூத்து நின்றது. பார்க்க அழகு. "சொன்னபடி கேட்ட ஒரே ஆளு நீதான் மச்சான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவருடைய கோவாவுக்குக் குனிந்தேன்.

குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

இலையெல்லாம் சல்லடை. கடுகு முற்றிப் பூத்ததும் பூச்சிக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. தண்டாகிப் போன கடுகிலையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இளசாக இருந்த கோவாவுக்கு மொத்தக் குடும்பமும் குடி வந்துவிட்டது. என் காணியில் கால்வாசி போனதும் இப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குப் படம் மாதிரித் தெரிந்தது.

எழுந்து பெண்களின் கோவாவைப் பார்த்தேன். ஒவ்வொரு இலையாகப் புரட்டினேன். ஓட்டை இல்லை. அடுத்த துண்டு. இல்லை. எல்லாம் பச்சைக் குழந்தைக் கன்னம் மாதிரி.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. படித்தவனுக்கு நேரம் எடுத்திருக்கும். கிள்ளக் கிள்ளக் கடுகு பூக்காமல் திரும்பத் திரும்பத் துளிர் விட்டிருக்கிறது. துளிர் இருக்கும் வரைக்கும் பூச்சி அங்கேயே வந்து முட்டை இட்டிருக்கிறது. முட்டை பொரித்துப் புழு கொழுக்கும் முன்னே அடுத்த கிள்ளல். முட்டையும் புழுவும் இலையோடு சாக்குக்குள் போய், சாக்கிலிருந்து கோழி வயிற்றுக்குள் போய்விட்டது. லயத்துக் கோழியெல்லாம் துரை பங்களா நாய் மாதிரி கொழுத்துக் கிடந்ததற்கும் காரணம் அதுதான்.

"சரி. இனிமே கிள்ளலாம்" என்றேன்.

"என்னது?" என்றாள் அந்த அம்மா.

"கிள்ளலாம்னேன். நல்லாக் கிள்ளுங்க. ஒரு துளிர் விடக்கூடாது. இதான் என் முறை. இவ்வளவு நாளும் ஒங்களச் சோதிச்சேன்."

அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு ஓடை வழியாகக் கீழ் லயம் வரைக்கும் போயிருக்கும். சிரிக்கட்டும். தொடாதே என்று நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் கடுகைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது என் கட்சி. இதுவரைக்கும் யாரும் அதை மறுத்து நிரூபிக்கவில்லை.

மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீயும் கிள்ளு. இன்னும் நாலஞ்சு கோவாவாவது தப்பும்."

"கொழுந்தெடுக்குறது பொம்பள வேல. நான் ஸ்டோர்ல இருந்தவன்" என்றார்.

"இது கொழுந்தில்ல மச்சான், கடுகு."

"நீங்கதான் தொடாதேன்னீங்க. நான் தொடல. அம்புட்டுத்தான்."

உத்தரவுக்குக் கட்டுப்பட்ட மனிதனைத் திருத்துவது கஷ்டம். அப்படியே விட்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கோவா உருண்டு இறுகி, வெட்டுகிற பக்குவத்துக்கு வந்த நேரத்தில், ஒரு காலையில் பெரிய துரை பார்வைக்கு வந்தார். கூடவே கணக்கப்பிள்ளை ஒருவர், குடையும் போனும் தூக்கிக்கொண்டு. வயது குறைந்த துரை. சிங்கள மனிதர், தமிழ் பேசுவார், ஆனால் உத்தரவு மட்டும்தான் அவருடைய தமிழில் வரும். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் அதற்கென்றே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தேன்.

துரை பாத்திக்குள் இறங்கினார். ஒரு கோவாவைத் தட்டினார். இன்னொன்றின் வெளி இலையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த துண்டுக்குப் போனார். போகப் போக முகம் இறுகியது. பாராட்டுக்கு நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"இது மருந்து அடிச்சது" என்றார் துரை.

அந்த இலையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மருந்து அடிக்காம இப்பிடி கோவா வர்றது இல்ல. என் பங்களா தோட்டத்தில மருந்து அடிக்கிறது, அதில கூட ஓட்டை இருக்கு. இதில ஒரு ஓட்டை இல்ல. நீங்க ராத்திரி அடிச்சது. காணி முடிஞ்சது."

அந்த அம்மா திட்டாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். காலடியில் இருந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, பாத்தி ஓரமாகப் போட்டாள். அவ்வளவுதான். காணி போன பிறகும் கல் பொறுக்குகிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். மற்ற நேரத்தில் சுமாராகச் செய்யும்.

"துரை, ஒரு கேள்வி. மருந்து அடிச்ச எடத்துல புழு உசுரோட இருக்குமா?"

"இல்ல."

"இருந்தா?"

துரை யோசித்தார். "இருந்தா மருந்து அடிக்க இல்ல."

"அப்ப ஒரு புழு காட்டுனாப் போதுமா?"

"இவங்க பாத்தியில. உசிரோட."

புழு தேடுங்கடி என்றேன். அவ்வளவு நாளும் புழு வரக்கூடாது என்று சாமி கும்பிட்டவர்கள், ஐந்து பேரும் மண்டியிட்டு, கோவாவைப் பிரித்துப் பிரித்துப் புழு தேடினார்கள். நானும் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் விழுந்து தேடினேன். இலைக்கடியில் பார்த்தோம், குருத்தில் பார்த்தோம். ஒன்று கூட இல்லை. ஒருத்தி கடுகுச் சாமியைப் பார்த்துக் கும்பிட்டு, "ஒரே ஒரு புழு குடு தாயீ" என்று வேண்டினாள். சாமியும் குழம்பிப் போயிருக்கும்.

"இங்க வாங்க துரை! இங்க இருக்கு!" என்று மச்சான் கத்தினார். அவருடைய துண்டில் இல்லாத புழுவா? ஒரு இலையைத் தூக்கினால் ஒன்பது நெளிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் புழுவை மெடல் மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

துரை பார்த்தார். "சரி, நீ மருந்து அடிக்க இல்ல. உன் கோவாவும் மிஞ்ச இல்ல. இவங்க அடிச்சது."

மச்சானின் கை மெல்லக் கீழே இறங்கியது.

அப்போது அந்த அம்மா, "அடியே, காலையில கிள்ளுனது எங்க?" என்றாள்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். துரை வருகிறார் என்ற அவசரத்தில் அன்றைக்குக் கோழிக்குப் போடாமல், சாமிக்கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள் சாக்கை. அவள் ஓடிப்போய்ச் சாக்கை இழுத்து வந்து துரையின் சப்பாத்துக் காலுக்கு முன்னாலேயே கவிழ்த்தாள். கடுகுத் துளிர் குவியலாகக் கொட்டியது. குவியல் அசைந்தது. பச்சை பச்சையாகப் புழு, சின்னதும் பெரிதுமாக. இலையின் அடியில் மஞ்சள் முட்டை, ஊசி முனை அளவில்.

"இது எங்க நெறையில கிள்ளுனது. இன்னிக்குக் காலையில" என்றாள். "நம்பலேன்னா கடுகுச் செடியப் பாருங்க, கிள்ளுன எடம் இன்னும் ஈரமாத்தான் இருக்கும். கோவாவுல எப்பிடிப் புழு இருக்கும்? நாங்க அத வளர விட்டாத்தான!"

துரை குனிந்து ஒரு துளிரை எடுத்தார். கை பட்டதும் ஒரு புழு துள்ளித் துடித்து, இலையிலிருந்து நூல் விட்டுக் கீழே தொங்கியது. கோவாப் புழுவின் வழக்கம் அது; தொட்டால் நூலில் இறங்கித் தப்பப் பார்க்கும். துரையின் விரலுக்கும் தரைக்கும் நடுவில் அது காற்றில் ஆடிக்கொண்டு, சிலம்பம் சுற்றுகிற மாதிரி வளைந்து வளைந்து நெளிந்தது. அதைவிட உயிரோடு ஒரு புழு இருக்க முடியாது.

துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளை போனை நீட்டி அதைப் படம் பிடித்தார். அந்தப் புழு கொழும்புக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் லயத்திலிருந்து கொழும்பு போனவர்களில் அதற்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

"இதை யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார் துரை.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இவருதான் துரை" என்றாள். "தொடாதேன்னு சொல்லித் தந்தாரு."

துரைக்கு அந்தத் தமிழ் முழுக்க விளங்கியதோ என்னவோ. "நல்லது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "விறகு மரம் வேற எடத்தில பாருங்க" என்றார். மேட்டில் ஏறிப் போகிறவர் பாதியில் நின்று திரும்பி, பங்களாவுக்கு நாலு கோவா அனுப்பச் சொன்னார்.

"ஓட்டையோட வேணுமா, ஓட்டை இல்லாம வேணுமா?" என்று கேட்டாள் அந்த அம்மா. தொண்டை திரும்பி வந்துவிட்டது. அதுதான் எனக்கு நிம்மதி.

நானாவுக்குக் கதையைச் சொன்னபோது, "அப்ப பெரியவரே, புழுவ வளத்துத்தான் காணியக் காப்பாத்துனீங்க" என்றார். இப்போது அவர் கடை வாசலிலேயே ஒரு மூட்டை கடுகு வைத்திருக்கிறார். புழுக்கடுகு என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார். சமையலுக்கும் அதே மூட்டைதான்.

அதற்குப் பிறகு டிக்கோயாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஆண்கள்தான் அதிகம் வருகிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள், கடைசியில் "கிள்ளணுமா? பொம்பளைங்களக் கூட்டிட்டு வாறோம்" என்கிறார்கள். அதற்காகவே நான் கிள்ளக் கற்றுக்கொண்டேன். இந்த வயதில். சாக்கை இடுப்பில் கட்டி, மட்டக்கம்பை வைத்து, இரண்டு கையாலும்.

கற்றுக்கொடுத்தது அந்த அம்மாதான். அவள் சரிவில், அவளுடைய துண்டில், அவளுடைய கடுகில். நானும் ஒரு பக்கம், வீறாப்பையெல்லாம் விட்டுவிட்டு மச்சானும் ஒரு பக்கம். பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள்.

"அங்க என்னத்தப் பாக்குறீங்க? துளிர் நிக்கிது! அடியில விட்டுட்டு மேல மட்டும் எடுக்குறீங்களே, இதா வேல? அண்ணே, வாய் இல்ல, கை ஆடணும், கை!"

தோட்டத்தில் நான் வேலை செய்த காலம் முழுக்க எந்தக் கங்காணியும் என்னை அப்படித் திட்டியதில்லை. கைகளைத் துரிதப்படுத்தினேன்.